கேப்டன் ஹோல்ட்சரும் பல் வைத்தியர் கதையும்

சோகால் ஊரின் காப்பிக்கடைக்குள் கேப்டன் லம்பெர்ட் ஹோல்ட்சர் நுழைந்தால் அங்கே பேச்சு நிற்பது பிற்காலத்தில் வந்த வழக்கம். அந்த ஊருக்கு அவர் வந்த முதல் சில வருடங்கள் நிலைமை நேர்மாறாக இருந்தது. அவரைக் கண்டதும் யாராவது ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். பூக் நதிக்கரையில், ருஷ்ய எல்லைக்குப் பக்கத்தில், சேறும் வாத்தும் நிறைந்த அந்த ஊரில் அவரைப் போலக் காது கொடுத்துக் கேட்கிற ஆள் வேறு கிடையாது. குதிரை வியாபாரி தன் மருமகனைத் திட்டுவதையும், ரயில்வே சிப்பந்தி தன் மூல வியாதியைப் பற்றிச் சொல்வதையும் ஒரே அக்கறையோடு கேட்பார். நடுநடுவே, "அப்புறம்?" என்பார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

கேட்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஒட்டிக்கொண்ட பழக்கம். ஸ்டைரியா மலைப்பக்கத்தில், மூராவ் ஊரில், தபால் வண்டிகள் குதிரை மாற்றும் விடுதி ஒன்றை அவருடைய அப்பா நடத்தினார். பிரயாணிகள் சாப்பிடும் மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு வாயைப் பிளந்தபடி கேட்பான் பையன். "இவன் காதை அறுத்து வித்தா நல்ல குதிரை ஒண்ணு வாங்கலாம், வேற எதுக்கும் ஆக மாட்டான்" என்று அப்பா விருந்தினரிடம் சொல்லிச் சிரிப்பார். ரயில் வந்தது, தபால் வண்டி நின்றது, விடுதி நொடித்தது. நான்காவது மகனுக்குச் சோறு போட வழியில்லாமல் கிராட்ஸ் நகரத்து ராணுவப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள்.

வியன்னா சக்கரவர்த்தியின் படையில் அவர் சுமாரான அதிகாரி. குதிரையில் மூட்டை போல உட்காருவார். ஆனால் சிப்பாய்களை அடிக்க மாட்டார், கணக்கில் பொய் எழுத மாட்டார். அவர் எழுதியது வேறு வகைப் பொய். லெப்டினென்டாக இருந்தபோதே முரசு அடிக்கிற ஒரு சிப்பாயைப் பற்றி ஒரு கதை எழுதி, பத்திரிகைக்கு அனுப்ப அனுமதி கேட்டு மேலதிகாரியிடம் போய் நின்றார். "எழுத ஆசையா இருந்தா காவல் அறிக்கையை ஒழுங்கா எழுது" என்றார் மேலதிகாரி. அதன் பிறகு அவர் யாரையும் அனுமதி கேட்கவில்லை. எல். மூராவர் என்ற பெயரில் கதைகள் வர ஆரம்பித்தன. வியன்னாவின் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் அந்தப் பெயரைத் தேடிப் படிக்கிறவர்கள் உண்டானார்கள். அது யார் என்பது அவருடைய மனைவி ஓட்டிலியையும் பத்திரிகை ஆசிரியரையும் தவிர யாருக்கும் தெரியாது.

ஓட்டிலி கிராட்ஸ் நகரத்து மருந்துக்கடைக்காரர் மகள். கணவர் கிறுக்கியதை அவள்தான் நல்ல கையெழுத்தில் பிரதி எடுப்பாள். "டாக்டருங்க கிறுக்கற சீட்டைப் படிச்சுப் படிச்சு வளர்ந்தவ நான். அதனாலதான் உன்னைக் கட்டிக்க முடிஞ்சுது" என்பாள்.

போஸ்னியாவைச் சக்கரவர்த்தி தன் சாம்ராஜ்யத்தோடு சேர்த்துக்கொண்டதையடுத்து, ருஷ்யாவோடு இன்றைக்குப் போர், நாளைக்குப் போர் என்று பேச்சாக இருந்த குளிர்காலம் அது. எல்லைப்புறம் முழுவதும் உளவாளிப் பீதி பிடித்துக்கொண்டது. நாரைக்கூட்டைப் படம் எடுத்த பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். ஊர் ஊராகப் போய்ப் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிற கண் தெரியாத கிழவரைக்கூட ரயிலிலிருந்து இறக்கி, நிஜமாகவே குருடா என்று முகத்துக்கு நேரே விரலை ஆட்டிப் பார்த்தார்கள். காப்பிக்கடை முதலாளி ஸைன்வெல் மட்டும் சலித்துக்கொள்வார். "கேப்டன் ஐயா, என் கடையில நாலு பேர் சேர்ந்து உக்காந்தா அதுல ஒருத்தன் போலீஸ்கிட்ட சொல்றவன், ஒருத்தன் ருஷ்யாக்காரன்கிட்ட சொல்றவன். மிச்சம் ரெண்டு பேராவது காப்பி குடிக்கிறாங்கன்னு பார்த்தா, அவங்களும் கடன் சொல்றாங்க."

படைப்பிரிவில் ஹோல்ட்சருக்கு நெருக்கமானவன் விக்டோரின் யெலினெக் என்ற மொராவியாக்காரன். முதல்நிலை லெப்டினென்ட். போர் வந்தால் எந்தப் படை எந்த ரயிலில் எப்போது ஏறவேண்டும் என்ற திட்டங்களும் வரைபடங்களும் இருந்த அலமாரி அவன் பொறுப்பில் இருந்தது. உருண்டை முகம், சீட்டாட்டத்தில் எப்போதும் தோற்கிறவன், தோற்றாலும் பாடுகிறவன். அக்ரூட்டைப் பல்லுக்கு நடுவே வைத்து ஒரே கடியில் உடைப்பான். அதிகாரிகள் சாப்பிடும் மெஸ்ஸில் மற்றவர்களுடைய அக்ரூட்டையும் அவனிடம்தான் தள்ளுவார்கள்.

அவன் மாதத்தில் பாதிச் சனிக்கிழமைகள் சாதாரண உடையில் ரயிலேறிப் பெரிய நகரமான லெம்பெர்க் போய்வந்தான். கேட்டால், "பல் டாக்டர்" என்பான்.

முதல் தடவை அதைக் கேட்டபோது ஹோல்ட்சர் ஒன்றும் நினைக்கவில்லை. ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின், அக்ரூட் ஓடு அவன் வாய்க்குள் படாரென்று உடைகிற சத்தத்தைக் கேட்டபோதுதான், இந்தப் பல்லுக்கு எதற்கு வைத்தியர் என்று ஒரு கேள்வி எழுந்தது. அதை அவனிடமே கேட்டிருக்கலாம். கேட்காமல் வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தார்.

கதை வேகமாக வந்தது. திரான்சில்வேனியாவில் ஒரு ஹங்கேரியக் குதிரைப்படை அதிகாரி. எல்லோருக்கும் பிரியமானவன், அக்ரூட்டைப் பல்லால் உடைப்பவன். பல் வைத்தியரிடம் போவதாகச் சொல்லி ராணுவ ரயில் நேரங்களை அந்நியருக்கு விற்கிறான். கடையில் வாங்கிய சாதாரண ரயில் அட்டவணையில் எழுத்துகளுக்குக் கீழே ஊசியால் குத்தி அடையாளம் வைத்துக் கொடுக்கிறான். கடைசியில் ஒரு நண்பன் கண்டுபிடிக்கிறான்.

பிரதி எடுத்துக்கொண்டிருந்த ஓட்டிலி பாதியில் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இது யெலினெக் தானே?"

"இவன் ஹங்கேரிக்காரன். குதிரைப்படை."

"மீசையை மாத்திட்டா ஆள் மாறிடுவானா? அக்ரூட்டைப் பல்லால உடைக்கிறவன் இங்க ஒருத்தன்தான் இருக்கான். அதை எடுத்துடு."

"அதை எடுத்துட்டா கதையில அப்புறம் என்ன இருக்கு?"

"யெலினெக் இருக்க மாட்டான். அது போதாதா?"

அவர் எடுக்கவில்லை. அந்த அக்ரூட் பிரமாதமாக விழுந்திருப்பதாக அவருக்கு எண்ணம். இருபது வருடமாக எழுதுகிறவருக்கு, எது நன்றாக வந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அதை விட மனம் வராது.

கதை வியன்னாவில் அச்சாகி, அந்தப் பத்திரிகை ஸைன்வெலின் கடைக்கும் வந்தது. மறுநாள் மெஸ்ஸில் பார்லிக் கஞ்சியும் மாட்டிறைச்சியும் முடிந்த பிறகு, இளம் லெப்டினென்ட் ஒருவன் ஒரு கிண்ணம் அக்ரூட்டைக் கொண்டுவந்து யெலினெக் முன்னால் வைத்தான்.

"பல் டாக்டர் சௌக்கியமா? இந்த வாரம் ஊசி குத்தினாரா?"

மேஜை முழுவதும் சிரித்தது. யெலினெக்கும் சிரித்தான். ஓர் அக்ரூட்டை எடுத்துப் பல்லுக்கு நடுவே வைத்தான். பிறகு அதை மெதுவாக வெளியே எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, இடுக்கியைக் கொடுங்கள் என்று கேட்டான்.

மற்றவர்கள் அதைக் கவனித்தார்களோ இல்லையோ, ஹோல்ட்சர் கவனித்தார். அவருக்குப் பயம் தட்டியது. நான் கற்பனை செய்ததாக நினைத்தேனே, கண்டுபிடித்துவிட்டேனா? அந்தப் பயத்துக்குள் ஒரு பெருமையும் இருந்ததை அவரால் மறுக்க முடியவில்லை.

அன்றிலிருந்து அவர் கண் மாறிவிட்டது. யெலினெக் புதுக் கையுறை போட்டிருந்தால், இது யார் கொடுத்த காசு என்று தோன்றியது. அலமாரியைப் பூட்டிவிட்டு இரண்டாவது தடவை இழுத்துப் பார்த்தால், ஏன் இத்தனை ஜாக்கிரதை என்று தோன்றியது. பூட்டாமல் போனால் அதைவிட மோசமாகத் தோன்றியது. அவன் பாடினால் எதையோ மறைக்கப் பாடுகிறான், பாடாவிட்டால் கவலையில் இருக்கிறான். ஓட்டிலியிடம் சொன்னபோது அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ எழுதின கதையை நீயே நம்ப ஆரம்பிச்சுட்டே. பத்திரிகைக்காரன் உனக்குக் கூடுதலா காசு குடுக்கணும்."

அடுத்த சனிக்கிழமை ஹோல்ட்சரும் பழைய கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு அதே ரயிலின் கடைசிப் பெட்டியில் ஏறினார். லெம்பெர்க் நிலையத்தில் யெலினெக் ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு டிராம் ஏறாமல் நடந்தான். இரண்டு இடங்களில் திரும்பிப் பார்த்தான். ஒரு மாதா கோயிலைத் தாண்டி, சந்து ஒன்றுக்குள் நுழைந்து, உயரமான மதில் சுவரில் இருந்த சின்னக் கதவைத் தட்டினான். கறுப்புக் கோட்டு போட்ட தாடிக்காரர் ஒருவர் திறந்தார். சந்தின் இரு பக்கமும் பார்த்தார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

எதிர்ப்பக்கத்து விறகுக்கடை ஓரமாக நின்று ஹோல்ட்சர் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடி ஜன்னல்களுக்குப் பின்னால் நிறைய பேர் நடமாடினார்கள். ஆனால் அத்தனை பேர் இருக்கும் வீட்டிலிருந்து ஒரு குரலும் வெளியே வரவில்லை. அதுதான் அவரை உலுக்கிவிட்டது. அடுத்த ரயிலில் ஊர் திரும்பினார்.

உளவாளிகளை விசாரிக்க வியன்னாவிலிருந்து மேஜர் லாங்கர் என்பவர் வந்து இறங்கியபோது, அவர் யெலினெக்கைக் கூப்பிடவில்லை. ஹோல்ட்சரைத்தான் கூப்பிட்டார். மெலிந்த மனிதர், சளி பிடித்திருந்தது, கைக்குட்டையும் கையுமாக இருந்தார். பக்கத்தில் படைப்பிரிவுத் தலைவர் கர்னல் ஊர்பான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் அந்தப் பத்திரிகை.

"எல். மூராவர் நீங்கதான்னு பத்திரிகைக்காரர் சொல்லிட்டார். மறுக்க வேண்டாம், நேரம் மிச்சமாகும்" என்றார் மேஜர்.

"மறுக்கல, ஐயா."

"கதை நல்லா இருந்துது. என் மனைவி அழுதா. ரயில் அட்டவணையில ஊசியால குத்தற வித்தையை யார் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் சொல்லல. நானா யோசிச்சது."

"அப்படியா? போன மாசம் இன்னொரு ஊர்ல நாங்க ஒருத்தனைப் பிடிச்சோம். அவன்கிட்ட இருந்தது அதே வித்தை. வெளியில யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

மேஜர் நிதானமாக மூக்கைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். "சந்தையில நின்னு ஊரார்கிட்ட எல்லாம் கேள்வி கேக்கறீங்களாம். ரயில்வே ஆளுங்களோட சகவாசமாம். பேரை மாத்தி எழுதறீங்க. போன சனிக்கிழமை பழைய கோட்டு போட்டுக்கிட்டு லெம்பெர்க் போயிருக்கீங்க. என் இடத்துல நீங்க இருந்தா என்ன நினைப்பீங்க, கேப்டன்?"

தன் பின்னாலும் ஒருவன் நடந்திருக்கிறான் என்பது ஹோல்ட்சருக்கு அப்போதுதான் உறைத்தது. யார்? வேலைக்காரச் சிப்பாயா? ஸைன்வெலா? எதிரே உட்கார்ந்திருக்கும் கர்னலா?

"நான் ஒருத்தரைப் பின்தொடர்ந்து போனேன்" என்றார்.

"யாரை?"

அவர் பதில் சொன்னார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னாரா, உண்மை என்று நம்பிச் சொன்னாரா என்பதைப் பிற்காலத்தில் எவ்வளவு யோசித்தும் அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் இருந்தது. யெலினெக் பெயரைச் சொன்னார். மதில் சுவரையும் தாடிக்காரரையும் பொட்டலத்தையும் சொன்னார். எழுத்தாளர் இல்லையா, நன்றாகவே சொன்னார்.

மதியத்துக்குள் யெலினெக்கின் வாளை வாங்கிக்கொண்டு அவனை அவன் அறையிலேயே காவலில் வைத்தார்கள். அலமாரியைக் குடைந்தார்கள். ஒரு தாளும் காணாமல் போயிருக்கவில்லை. லெம்பெர்க்கில் எங்கே போகிறாய் என்ற கேள்விக்கு அவன் வாயைத் திறக்கவே இல்லை. "பல் டாக்டர்" என்றுகூடச் சொல்லவில்லை. நிரபராதி ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று மெஸ்ஸில் கேட்டார்கள். அவனோடு சீட்டாடியவர்கள், அவன் வேண்டுமென்றே தோற்றிருப்பானோ என்று பேச ஆரம்பித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து ஹோல்ட்சர் கர்னலிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அவன் அறைக்குப் போனார். யெலினெக் கட்டிலில் உட்கார்ந்து பூட்சுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தான்.

"வாடா மூராவர்" என்றான். "உக்காரு. நாற்காலியில துணி இருக்கு, தள்ளிடு."

ஹோல்ட்சர் நின்றுகொண்டே இருந்தார்.

"கதையைப் படிச்சேன். நீதான்னு அப்பவே தெரியும். நம்ம மெஸ்ல அவ்வளவு உன்னிப்பா பார்க்கறவன் வேற யாரு? அதனாலதான் அன்னிக்குக் கடிக்கல. கோவமா இருந்துது."

"கோவமா?"

"பின்னே? பயம்னு நினைச்சியா?" யெலினெக் பூட்சைக் கீழே வைத்தான். "ஒண்ணு சொல்லு லம்பெர்ட். எழுதும்போதே என்னைச் சந்தேகப்பட்டியா, எழுதினதுக்கு அப்புறமா?"

"எழுதினதுக்கு அப்புறம்."

"அப்பவாவது என்கிட்ட கேட்டிருக்கலாமேடா. ஊர்ல இருக்கிற குதிரை வியாபாரிகிட்ட எல்லாம் கேப்பே. நீ கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். உன் ஒருத்தன்கிட்டதான் சொல்லணும்னு வச்சிருந்தேன்."

பிறகு சொன்னான். மதில் சுவருக்குப் பின்னால் இருப்பது காது கேளாத குழந்தைகளின் பள்ளிக்கூடம். தாடிக்காரர் தலைமை ஆசிரியர். அங்கே ஆறு வயதில் தெக்லா என்று ஒரு பெண் இருக்கிறாள். அவன் பெண். தாய் இதே சோகாலில், இன்னொருவர் மனைவியாக, மரியாதையாக வாழ்கிறாள். பொட்டலத்தில் இருந்தது கசகசா வைத்த இனிப்பு ரொட்டியும் கம்பளிக் காலுறையும்.

"மேஜர்கிட்ட சொன்னா முதல்ல அம்மா பேரைக் கேப்பார்" என்றான் யெலினெக். "என்னைச் சுட்டாலும் சொல்ல மாட்டேன்."

"பேர் வேண்டாம். பள்ளிக்கூடத்தைக் காட்டினா போதும். நான் பேசறேன்."

"நீ பேசினதுதான் போதுமே" என்றான் யெலினெக். ஆனால் கடைசியில் தலையை அசைத்தான்.

மேஜர் லாங்கர் முழுவதையும் கேட்டுவிட்டுக் கைக்குட்டையை மடித்தார். "எழுதினது கற்பனை. என்கிட்ட சொன்னது சந்தேகம். இப்ப சொல்றது இரக்கம். உங்ககிட்ட சாட்சியம்னு ஏதாவது உண்டா கேப்டன்?" ஆனாலும் அவரே லெம்பெர்க் போய் விசாரித்துவிட்டு வந்தார். தாயின் பெயரை அவர் கேட்கவில்லை. அந்த வகையில் நல்ல மனிதர். சோகாலில் களவு போனது எதுவும் இல்லை, உளவாளி யாரும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சளியோடு வந்தவர் இருமலோடு திரும்பினார். ஊசி விவகாரம் ஒரே யோசனை இரண்டு பேருக்குத் தோன்றியதுதான். அதை மேஜர் கடைசிவரை நம்பினாரா என்பது வேறு விஷயம்.

யெலினெக்கின் வாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் ஒரு தடவை சந்தேகப்பட்டவனிடம் அலமாரிச் சாவியைக் கொடுக்கக் கர்னலுக்கு மனம் வரவில்லை. ஹெர்ஸகோவினாவில் ஆடும் கல்லும் மட்டுமே இருந்த ஒரு காவல் கோட்டைக்கு அவனை மாற்றினார்கள். அங்கிருந்து லெம்பெர்க் போக ஒரு வாரம் ஆகும். கிளம்புகிற அன்று அவன் ரயில் நிலையத்தில் எல்லோருக்கும் கை கொடுத்தான். ஹோல்ட்சருக்கும் கொடுத்தான், மற்றவர்களுக்குக் கொடுத்த அளவுக்கே.

அனுமதியில்லாமல் எழுதியதற்காக ஹோல்ட்சருக்குக் கண்டனம். மேஜர் பதவி அவரைத் தாண்டி இளையவர்களுக்குப் போனது. அதெல்லாம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. மெஸ்ஸில் அவர் உட்கார்ந்ததும் எல்லோரும் வானிலை பற்றிப் பேசியதுதான் தாங்கவில்லை. யாராவது கொட்டாவி விட்டால்கூட, "ஜாக்கிரதை, அடுத்த ஞாயித்துக்கிழமை அச்சுல வந்துடும்" என்றார்கள். ஸைன்வெல் ஒருநாள் அவர் அருகில் வந்து, கையில் துண்டைத் திருகியபடி நின்றார்.

"கேப்டன் ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க உக்காந்தா மத்த மேஜை காலியாகுது. உங்க காப்பியை வேணும்னா வீட்டுக்கே அனுப்பிடறேனே."

"நான் உன்னைப் பத்தி ஒரு வரிகூட எழுதினதில்லையே, ஸைன்வெல்."

"அதான் ஐயா எல்லாருக்கும் பயம். இன்னும் எழுதாதவங்கதானே பாக்கி இருக்காங்க."

எழுதவும் முடியவில்லை. பேனாவைத் தொட்டால் யார் முகமாவது வந்து நின்றது. அதோடு இன்னொரு வேதனையும் சேர்ந்துகொண்டது. தெக்லாவின் தாய் யார்? வேண்டாம் என்று தலையை உதறினாலும், ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் நடக்கிற ஒவ்வொரு பெண்ணையும் அவர் கண் எடை போட்டது. நோட்டரியின் மனைவி ஏன் கறுப்புத் துணி போட்டிருக்கிறாள்? கர்னலின் மனைவி ஏன் யெலினெக் பெயரைக் கேட்டதும் பேச்சை மாற்றினாள்? பெண்கள் தீர்ந்துபோனார்கள். அப்புறம் ஒருநாள், கதையைப் பாதி பிரதி எடுப்பதற்குள்ளேயே "இது யெலினெக் தானே" என்று ஓட்டிலி சொன்னது ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நெஞ்சுச் சளிக்காக அவள் ஒரு குளிர்காலம் முழுவதும் மெரானில் அத்தை வீட்டில் இருந்ததும் ஞாபகம் வந்தது. வருடத்தைக் கணக்குப் பார்த்தார். சரியாக வந்தது. தாய் சோகாலில்தான் இருக்கிறாள் என்று யெலினெக் சொன்னானே. ஓட்டிலியும் இப்போது சோகாலில்தானே இருக்கிறாள்.

அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். எதையோ சுற்றி வளைத்து, மெரானில் பனி அதிகமா, அங்கே ராணுவ முகாம் உண்டா என்று கேட்டார்.

ஓட்டிலி கத்தியைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கணவர் எழுதுகிற கதை எந்தப் பக்கம் போகும் என்பது எப்போதும் முன்கூட்டியே தெரியும்.

"மெரான்ல நான் இருமிக்கிட்டு இருந்தேன்" என்றாள். "அத்தை எனக்குக் கழுதைப்பால் குடுத்தா. யெலினெக்கை நான் முதல்ல பார்த்தது இந்த ஊர் ஸ்டேஷன்ல, உன் பெட்டியை அவன் தூக்கிட்டு வந்தப்ப. கேட்டியா? இன்னும் ஏதாவது பாக்கி இருந்தா அதையும் இப்பவே கேளு. இதுக்கு மேல நீ என் பின்னால நடந்து வர்றதை என்னால பார்க்க முடியாது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அந்த வசந்தத்தில் அப்பா வீட்டுக்குப் போனாள். இலையுதிர்காலம் வரை திரும்பவில்லை. திரும்பி வந்தபோது இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சில வருடங்கள் கழித்துப் பெரும் போர் வந்தபோது ஹோல்ட்சர் தன் கம்பெனியோடு எல்லைக்குப் போனார். ராவா ரூஸ்கா பக்கம் நடந்த சண்டையில் இடுப்பெலும்பு சிதறியது. பிழைத்து எழுந்து ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்ததும், முன்பு கண்டனம் கொடுத்த அதே படை, எழுதத் தெரிந்தவர் என்பதற்காக அவரைத் தபால் தணிக்கை அலுவலகத்தில் உட்கார வைத்தது. சிப்பாய்களின் கடிதங்களைப் படித்து, சந்தேகமான வரிகளைக் கறுப்பு மையால் அடிக்க வேண்டும். சந்தேகப்படுவதற்கே சம்பளம். முதல் மாதங்களில் அவர் அடித்துத் தள்ளினார். பசு கன்று போட்டதா என்று ஒருவன் கேட்டால் அது என்ன சங்கேதம் என்று யோசித்தார். போகப்போக, பசு என்றால் பசுதான் என்று தோன்ற ஆரம்பித்தது. கடைசி வருடத்தில் அவர் மேஜையிலிருந்து போன கடிதங்களில் அடித்த கோடே இருக்காது. பக்கத்து மேஜைக்காரர் புகார் செய்தார். அதை விசாரிப்பதற்குள் சாம்ராஜ்யமே இல்லாமல் போய்விட்டது.

கிராட்ஸ் நகரத்தில், மாமனாரின் மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகளில் அவர்கள் வாழ்ந்தார்கள். ஓய்வூதியப் பணத்தில் ஒரு ரொட்டி வாங்குவதற்குள் விலை ஏறிவிடுகிற காலம். ஒருநாள் பிற்பகல் கதவு தட்டப்பட்டது. தலை முழுவதும் வழுக்கையாகி, கன்னம் ஒட்டிப்போய், யெலினெக் நின்றுகொண்டிருந்தான். இத்தாலிக்காரர்களிடம் கைதியாக இருந்து பிழைத்தவனுக்கு இப்போது ப்ரூன் நகரத்தில் ஒரு துணி ஆலையில் வேலை. வேலையாகக் கிராட்ஸ் வந்தவன் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

ஓட்டிலி சிக்கரிக் காப்பி போட்டாள். வெகுநேரம் செத்துப்போனவர்களைப் பற்றியே பேசினார்கள். ஹோல்ட்சர் ஊன்றுகோலை ஒருபக்கமாகச் சாய்த்து வைத்தார்.

"பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டார்.

யெலினெக் அவரைப் பார்த்தான். "தெக்லாவா? என்னோடதான் இருக்கா. தையல் நல்லா வரும். அடுத்த வருஷம் கல்யாணம். மாப்பிள்ளைக்கும் காது கேக்காது. ரெண்டு பேரும் சண்டை போட்டா வீடே சத்தம் இல்லாம அதிரும்."

"அவ அம்மா?"

"போன குளிர்காலம் தவறிட்டா. இனிமே சொல்லலாம். வனத்துறை ஆய்வாளர் மனைவி, நம்ம சோகால்ல."

ஹோல்ட்சருக்கு உடனே ஞாபகம் வரவில்லை. பிறகு வந்தது. பருத்த பெண்மணி, மாதா கோயிலில் ஏழைகளுக்குப் பழைய துணி சேகரிப்பவள். ஞாயிறுதோறும் அவர் தொப்பியைத் தூக்கி வணங்குவார். அவளும் தலையசைத்துவிட்டு, துணி ஏதாவது உண்டா என்று கேட்பாள். ஊரிலிருந்த அத்தனை பெண்களையும் சந்தேகப்பட்டவர் அவளை மட்டும் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"அப்ப மெரான்ல இருந்தவ இல்லேன்னு ஆச்சா?" என்றாள் ஓட்டிலி, காப்பிக் கோப்பைகளை எடுத்தபடி. யெலினெக்குக்குப் புரியவில்லை. ஹோல்ட்சர் காது மடல் வரை சிவந்துபோனார். அப்புறம் அவரும் சிரித்துவிட்டார்.

"இதையும் எழுதப் போறியா?" என்று யெலினெக் கேட்டான்.

"உன்னைக் கேக்காம எழுத மாட்டேன்."

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவேன்."

"சரி."

மாலை ரயிலுக்கு அவன் கிளம்பினான். ஊன்றுகோலோடு ஹோல்ட்சர் படிக்கட்டு வரை போய் வழியனுப்பினார். அதன் பிறகு இருவரும் சந்திக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டைகள் மட்டும் போய்வந்தன. ஹோல்ட்சர் சாகும்வரை எழுதிக்கொண்டிருந்தார், இப்போது தன் சொந்தப் பெயரில். மலை விடுதிகள், வண்டிக்காரர்கள், குதிரைகள் பற்றிய சிறுசிறு கதைகள். உள்ளூர்ப் பத்திரிகை அவற்றை வாங்கிக்கொண்டது. யாரைப் பற்றியாவது எழுத நினைத்தால் முதலில் அந்த ஆளிடம் போய்ச் சொல்லிவிடுவார். பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள். மீதிப் பேர், தாங்கள் இன்னும் கொஞ்சம் உயரம் என்று எழுதச் சொல்வார்கள். பழைய கதைகள்தான் நன்றாக இருந்தன என்று ஓட்டிலி அவரிடமே சொல்வாள். அவரும் மறுக்க மாட்டார்.